ஜப்பானிய, கொரிய உணவகத்தில் முதன்முறை: தில்லியில் எதைக் கேட்டு வாங்கலாம்?

முதன்முறையாக ஜப்பானிய உணவையோ கொரிய உணவையோ சாப்பிடப் போகிறவர்கள் சுஷியில் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் பார்த்துப் பார்த்துக் கிழக்காசியச் சமையல் என்றாலே சுஷி என்று மனத்தில் பதிந்துவிட்டதால், முதல் நாளே அதைக் கேட்டு வாங்கி, ஆறிய சோறும் பச்சை மீனும் நாக்குக்குப் பிடிபடாமல், "நமக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்று தட்டைத் தள்ளிவைத்துவிடுகிற தமிழர்களைத் தில்லியில் நிறையவே பார்க்கிறேன். அவர்கள் நாக்கில் குறை ஒன்றும் இல்லை. தேர்ந்தெடுத்த வரிசைதான் சரியில்லை. முதலில் கொரிய உணவகம், அங்கே சூடான சோற்று வகை ஒன்று. அடுத்து ஜப்பானிய உணவகம், அங்கே பொரித்ததும் சுட்டதும். அதற்கும் பிறகுதான் சுஷி. இந்த வரிசையில் போனால், ஆர்.கே. புரத்திலோ மயூர் விகாரிலோ சாம்பாரும் ரசமுமாக வளர்ந்த யாருக்கும் இந்த இரண்டு சமையலும் பிடித்துப்போகும் என்று நம்பிச் சொல்வேன்.

இந்த விஷயத்தில் தில்லிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். சுசுகியுடன் கூட்டுச் சேர்ந்த மாருதி நிறுவனம் 1983-இல் குருகிராமில் கார் தயாரிக்கத் தொடங்கியதிலிருந்து ஜப்பானியப் பொறியாளர்கள் குடும்பத்தோடு அங்கே வந்து தங்குகிறார்கள். நொய்டா, கிரேட்டர் நொய்டா பக்கம் சாம்சங், எல்ஜி ஆலைகளை ஒட்டிக் கொரியர்கள் குடியேறினார்கள். ஸ்ரீபெரும்புதூரில் ஹூண்டாய் ஆலை வந்த பிறகு சென்னையில் கொரிய உணவகங்கள் பெருகியதும் இப்படித்தான். ஊர் நினைப்போடு வந்து உட்காரும் சொந்த நாட்டவருக்காகத் திறந்த கடைகள் என்பதால், இவற்றில் பலவும் நம் நாக்குக்காக மசாலாவைக் கூட்டுவதில்லை. இன்னொரு பக்கம், கிரீன் பார்க் மெட்ரோவிலிருந்து எட்டிவிடும் தூரத்தில், சஃப்தர்ஜங் என்க்ளேவை ஒட்டி ஹுமாயூன்பூர் இருக்கிறது. மணிப்பூர், நாகாலாந்து இளைஞர்கள் நடத்தும் சிறு கடைகள் நெருக்கியடிக்கும் அந்தச் சந்துகளில், மாடிப்படி ஏறிப் போக வேண்டிய சின்னச் சின்னக் கொரிய உணவகங்களும் உண்டு. யமுனைக் கரையில் திபெத்தியர்கள் வாழும் மஜ்னு கா டீலாவிலும் அப்படியே. அங்குள்ள புசான் உணவகம் கல்லூரி மாணவர்களிடையே பெயர் பெற்றது. இந்தச் சிறு கடைகளில் இருவர் வயிறாரச் சாப்பிட 1,000 முதல் 1,500 ரூபாய் வரை எடுத்துவைத்தால் போதும். நட்சத்திர ஓட்டல்களின் ஜப்பானிய உணவகங்களில் அந்தத் தொகைக்கு ஒருவருக்கே பசி அடங்காது. ஆகவே பழகிக்கொள்ளும் பருவத்தைச் சிறு கடைகளில் கழிப்பதே புத்திசாலித்தனம்.

முதல் நாளுக்கு நான் பரிந்துரைப்பது பிபிம்பாப். அதிலும் கல்சட்டியில் வரும் தொல்சொட் பிபிம்பாப். அடுப்பில் நன்றாகக் காய்ந்த கல்சட்டியில் எள்ளெண்ணெய் தடவிச் சோற்றைப் போட்டு, அதன் மேல் கேரட், கீரை, சோயா முளைகள், காளான், ஸுக்கினி எல்லாவற்றையும் தனித்தனியாக வதக்கி வட்டமாக அடுக்கி, நடுவில் ஒரு முட்டையை வைத்துக் கொண்டுவருவார்கள். மேசைக்கு வந்த பிறகும் சட்டி சீறிக்கொண்டிருக்கும். ஊரிலிருந்து வந்திருந்த என் அத்தையை ஹுமாயூன்பூருக்கு அழைத்துப் போனபோது, "என்னடா இது, சட்டியோட தூக்கிட்டு வந்து வெச்சுட்டான்?" என்று கேட்டபடியே கரண்டியை எடுத்துக் கிளறப் போனார். "கொஞ்சம் பொறுங்க அத்தை, இப்பவே கிளறாதீங்க" என்று தடுக்க வேண்டியிருந்தது. இரண்டு மூன்று நிமிடம் அப்படியே விட்டால்தான் அடியில் சோறு பொன்னிறமாகக் காந்தும். கிளறும்போது அந்தக் காந்தல் பொருக்குப் பொருக்காக மேலே வரும். முதல் வாய் வைத்துவிட்டு அத்தை எதுவும் சொல்லவில்லை. சட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுக்கத் தொடங்கியதும் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இதோடு சேரும் கோச்சுஜாங் பற்றி ஒரு வார்த்தை. மிளகாய்த்தூள், பசைத்தன்மையுள்ள அரிசி, நொதிக்கவைத்த சோயா மாவு, உப்பு ஆகியவற்றைக் கலந்து மாதக்கணக்கில் பதப்படுத்தும் விழுது அது. நிறத்தைப் பார்த்து ஆந்திரக் காரத்தை எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். முதலில் இனிப்பு, பிறகு உப்பு, கடைசியில்தான் காரம் என்று அது மெல்ல ஏறும். சில கடைகளில் முதலிலேயே சோற்றின் மேல் ஊற்றிவிடுவார்கள். தனியாக ஒரு கிண்ணத்தில் கேட்டு வாங்கி, அரைக் கரண்டியில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போவது நல்லது. சைவம் உண்பவர்கள் இறைச்சியும் முட்டையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பிபிம்பாப்பின் சுவையில் பெரிய இழப்பு எதுவும் நேராது. கொரிய உணவில் சைவத்துக்கு மாற்றினாலும் சிதையாமல் நிற்பவை குறைவு; அவற்றில் முதலிடம் இதற்குத்தான்.

கேட்ட உணவு வருவதற்கு முன்பே பன்சான் எனப்படும் சின்னச் சின்னத் தட்டுகள் மேசையை நிரப்பிவிடும். கிம்ச்சி, நல்லெண்ணெய் மணக்கும் கீரை, முளைகட்டிய சோயா, சோயா சாஸில் வேகவைத்த உருளைக்கிழங்கு, மீன் அப்பத் துண்டுகள் என்று கடைக்குக் கடை மாறும். விருந்தில் இலை போட்டதும் சோற்றுக்கு முன் ஓரத்தில் வந்து சேரும் தொடுகறிகளைப் போல இவற்றை நினைத்துக்கொண்டால் எப்படிச் சாப்பிடுவது என்ற தடுமாற்றம் இருக்காது: சோறு ஒரு வாய், பன்சான் ஒரு துளி. பசியில் இவற்றை முன்னதாகவே தனித்துத் தின்று தீர்த்துவிட்டு, உப்பாக இருக்கிறது, புளிக்கிறது என்று சொல்வது அந்தச் சமையலுக்கு நியாயம் செய்வதாகாது. பெரும்பாலான கொரிய உணவகங்களில் பன்சானுக்குத் தனி விலை கிடையாது. தீர்ந்தால் கேட்டு வாங்கலாம், கூச்சப்பட வேண்டியதில்லை.

கிம்ச்சியை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு முறை சுவைத்துவிட்டு ஒதுக்குகிறவர்கள் அதில்தான் அதிகம். சீன முட்டைக்கோஸை உப்பில் ஊறவைத்து, கழுவி, மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, முள்ளங்கி சேர்த்த விழுதை ஒவ்வொரு இலையின் இடுக்கிலும் பூசி நொதிக்க விடுகிறார்கள். அதன் புளிப்பு வினிகரால் வருவதில்லை. நொதிக்கும்போது உண்டாகும் லாக்டிக் அமிலம் தருவது. குளிர்காலம் வருமுன் குடும்பமும் அக்கம்பக்கமும் கூடிக் கிம்ச்சி போடும் கிம்ஜாங் வழக்கத்தை யுனெஸ்கோ 2013-இல் தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஜப்பானியரின் வாஷோகு உணவு மரபும் அதே ஆண்டில்தான் அந்தப் பட்டியலுக்குள் வந்தது. போட்டு இரண்டு நாளான கிம்ச்சி மொறுமொறுப்பாகவும் லேசாகவும் இருக்கும். வாரக்கணக்கில் ஆனது நெடியோடு புளிக்கும். பச்சையாகப் பிடிக்கவில்லை என்றால் அதோடு நிறுத்திவிடாமல், அதையே மாவில் கலந்து தோசைக்கல்லில் சுடும் கிம்ச்சி ஜொன் அல்லது கிம்ச்சி போட்டு வறுத்த சோறு கேட்டுப் பாருங்கள். சூடு பட்டதும் நெடி தணிந்து புளிப்பு மட்டும் நிற்கும். பழகாதவர்களுக்கு அதுவே எளிய வாசல். ஆனால் சைவ உணவுக்காரர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: மரபான கிம்ச்சியில் உப்பிட்ட இறால் அல்லது நெத்திலி மீன் சாறு சேரும். முட்டைக்கோஸ்தானே என்று நம்பி எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். இவை சேர்க்காமல் கிம்ச்சி போடும் கடைகள் தில்லியில் உண்டு, கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

பிபிம்பாப்போடு பகிர்ந்துகொள்ள இரண்டாவதாக ஒன்று வேண்டுமென்றால் ஜப்சே வாங்கலாம். சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவில் செய்த கண்ணாடி போன்ற நூடுல்ஸை வதக்கிய காய்களோடும் சோயா சாஸோடும் எள்ளெண்ணெயோடும் புரட்டியெடுப்பது அது. காரமே இல்லாததால் குழந்தைகள் தயங்காமல் சாப்பிடுகிறார்கள். கிம்பாப்பும் அப்படித்தான். பார்வைக்குச் சுஷி உருளையாகத் தெரிந்தாலும், சோற்றில் வினிகருக்குப் பதில் எள்ளெண்ணெயும் உப்பும் கலந்திருக்கும். உள்ளே கேரட், கீரை, முட்டை, மஞ்சள் நிற முள்ளங்கி ஊறுகாய். கொரியர்கள் வறுத்த எள்ளை ஆட்டி எண்ணெய் எடுப்பதால் நம் நல்லெண்ணெயைவிட மணம் தூக்கலாக இருக்கும். கடற்பாசித் தாளின் வாசனையைப் பழகிக்கொள்ளவும் இதுவே ஏற்ற இடம். கிம்பாப்பில் அந்த வாசனை உங்களுக்கு ஒத்துப்போனால், பின்னால் சுஷியில் பாதி வேலை முடிந்துவிட்டது.

கொரியத் தொடர்களைப் பார்த்துவிட்டு வரும் இளம் பிள்ளைகள் முதலில் கேட்பது டொக்பொக்கி. அதை முதல் உணவாக வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். விரல் பருமனான அரிசி உருளைகள் பல்லில் இழுபடும் பதம் பலருக்குப் புதிது. இனிப்பும் காரமுமான குழம்பு நாலு வாய்க்குப் பிறகு திகட்டும். பெரும்பாலும் நெத்திலிக் கருவாட்டுச் சாற்றில் கொதிக்கவைப்பதால் சைவமும் ஆகாது. நான்கு பேர் சேர்ந்து போகும்போது ஒரு தட்டு வாங்கிப் பகிர்ந்துகொண்டால் சரியான அளவாக இருக்கும். கொரியப் பொரித்த கோழிக்கு எந்தத் தயக்கமும் தேவையில்லை. இரண்டு முறை பொரிப்பதால் மேல்தோல் மெல்லியதாக, நெடுநேரம் மொறுமொறுப்பாக இருக்கும். சாஸ் பூசியது பாதி, பூசாதது பாதி என்று வாங்கினால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இறைச்சி உண்பவர்கள் மேசையிலேயே சுட்டுச் சாப்பிடும் அனுபவத்தை ஒருமுறையாவது பெற வேண்டும். கிரீன் பார்க்கில் உள்ள குங் தி பேலஸ் இதற்காகவே பல ஆண்டுகளாகப் பேசப்படும் இடம். சம்கியோப்சல் என்னும் பன்றி வயிற்று இறைச்சியை நீளவாக்கில் வாட்டி, கத்தரிக்கோலால் நறுக்கி, லெட்டூஸ் இலையில் வைத்து, பூண்டுப் பல் ஒன்றும் சம்ஜாங் என்னும் காரமான சோயா விழுது துளியும் சேர்த்து மடித்து ஒரே வாயில் போட வேண்டும். பாதி கடித்து மீதியைத் தட்டில் வைத்தால் எல்லாம் சிதறிவிடும். மெல்லிய துண்டுகளைச் சோயா சாஸில் ஊறவைத்துச் சுடும் புல்கோகி கொரியாவில் மாட்டிறைச்சியில் செய்வது. தில்லியில் 1994-ஆம் ஆண்டின் கால்நடைப் பாதுகாப்புச் சட்டப்படி பசு இறைச்சி கிடையாது என்பதால் இங்கே எருமை, பன்றி அல்லது கோழியில் வரும். எந்த இறைச்சி என்பதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இனி ஜப்பானிய உணவு. இதில் பட்டியலைத் திறப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியது தாஷி. கோம்பு என்னும் கடற்பாசியையும் கட்சுவோபுஷியையும் வெந்நீரில் இறக்கி எடுக்கும் அடிச்சாறு இது. ஜப்பானியச் சமையலில் இது சேராத இடத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம். கட்சுவோபுஷி என்பது சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டைபோல் இறுகக் காயவைத்துச் சீவிய சீவல். தெற்குக் கடற்கரை ஊர்க்காரர்களுக்கும் யாழ்ப்பாணத்துச் சமையல் தெரிந்தவர்களுக்கும் மாசிக் கருவாட்டை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அதுவும் இதே சூரையில் செய்வதுதான். தோக்கியோ பல்கலைக்கழகத்து வேதியியல் பேராசிரியர் கிகுனாயே இகெடா, 1908-இல் கோம்புச் சாற்றிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அது தரும் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். மறு ஆண்டே அது அஜினோமோட்டோவாகச் சந்தைக்கு வந்தது. ஜப்பானிய உணவில் மசாலா எதுவும் தெரியாமலேயே வாய் நிறையும் நிறைவு எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களுக்கு விடை இந்தச் சாறுதான்.

சைவ உணவுக்காரர்களுக்குச் சிக்கலும் இதுதான். மிசோ விழுது சோயாவில் செய்வது, அதில் மீன் இல்லை. ஆனால் மிசோ சூப்பைக் கலக்குவது தாஷியில். ஊடோன், சோபா நூடுல்ஸின் சாறு, பொரித்த டோஃபுவின் மேல் ஊற்றும் சாறு, மாவில் தோய்த்துப் பொரித்த தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளத் தரும் சாறு எல்லாவற்றிலும் அது இருக்கும். தட்டில் மீனே கண்ணில் படாது என்பதால் பரிமாறுகிறவர்கூடச் சைவம் என்று நினைத்துக்கொண்டிருப்பார். வணிக வளாகத்து உணவகம் ஒன்றில், பச்சைப் புள்ளி போட்ட ராமென் என்னும் சாற்று நூடுல்ஸைக் கேட்டு வாங்கி என் நண்பர் பாதி சாப்பிட்ட பிறகு, சாறு எல்லா ராமெனுக்கும் ஒன்றுதான், கோழி எலும்பில் காய்ச்சியது என்று சாவகாசமாகச் சொன்னார்கள். வாழ்நாள் முழுவதும் அசைவம் தொடாத மனிதருக்கு அது எவ்வளவு பெரிய வேதனை என்பது பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். அதனால் "வெஜ் ஹை க்யா?" என்று கேட்பதோடு நிற்காதீர்கள். "இஸ்கா சூப் கிஸ் சீஸ் ஸே பன்தா ஹை?" என்று சாறு எதில் செய்தது என்பதைக் கேளுங்கள். தெளிவான பதில் வரவில்லை என்றால் சமையலறையில் விசாரித்துவரச் சொல்லுங்கள். கோம்பும் உலர்ந்த ஷிடாகே காளானும் மட்டும் போட்டுச் சாறு இறக்கும் முறை ஜப்பானியப் புத்த மடங்களில் பல நூற்றாண்டுகளாக இருப்பதுதான். நல்ல சமையல்காரருக்கு அது புதிதாக இருக்காது. லோதி காலனியில் உள்ள குப்பி போன்ற உணவகங்களில் சைவத்துக்கென்று கணிசமான பகுதியே பட்டியலில் உண்டு என்பதால், கலந்த குடும்பமாகப் போகிறவர்களுக்கு அங்கே தொடங்குவது வசதி.

அசைவம் உண்பவர்களுக்கு ஜப்பானிய உணவில் என் முதல் பரிந்துரை காட்சு கறி. கோழியையோ பன்றியையோ தட்டி, பான்கோ ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து, துண்டு போட்டு, சோற்றோடு பழுப்பு நிறக் குழம்பு ஊற்றித் தருவார்கள். கறித்தூள் 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வழியாக ஜப்பானுக்குப் போனது. அங்கே மாவும் கொழுப்பும் வறுத்துச் சேர்த்துக் கெட்டியாக்கி, ஆப்பிள், தேன் என்று இனிப்பும் கூட்டித் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். ஆங்கில ஆட்சிக்குத் தப்பி ஜப்பானில் அடைக்கலம் புகுந்த ராஷ் பிகாரி போஸ், தம் மாமனார் வீட்டாரின் நாகமுராயா கடையில் 1927-இல் இந்திய முறைக் கறியை அறிமுகப்படுத்திய வரலாறும் இதற்கு உண்டு. இப்போது அந்த நாட்டின் காட்சு கறியே திரும்பி வந்திருக்கிறது. ஜப்பானின் புகழ்பெற்ற கோகோ இச்சிபான்யா 2020-இல் குருகிராமில் கடை திறந்தது. சாப்பிட உட்காரும்போது நம் ஊர்க் குழம்பை மறந்துவிட வேண்டும். மிளகும் புளியும் இல்லையே என்று தேடினால் ஏமாற்றம்தான்; மொறுமொறுப்பான இறைச்சி, ஒட்டும் தன்மையுள்ள சோறு, இனிப்போடு இறங்கும் குழம்பு மூன்றையும் ஒரே கரண்டியில் எடுத்தால் அதன் அருமை விளங்கும். காய்கறி போட்ட கறியிலும், குழம்புக்காகக் கரைக்கும் கட்டியில் விலங்குக் கொழுப்பு சேர்வது உண்டு. மேலே சொன்ன கேள்வி இங்கேயும் பொருந்தும்.

குருகிராமில் குராகு என்னும் ஜப்பானியச் சங்கிலிக் கடையின் யாகிடோரி நல்ல தொடக்கம். கோழியின் தொடை, ஈரல், தோல் என்று பகுதி பகுதியாகக் குச்சியில் கோத்துக் கனலில் வாட்டுவது. இனிப்பான தாரே சாஸ் வேண்டுமா, வெறும் உப்பு போதுமா என்று கேட்பார்கள். முதலில் உப்பு, பிறகு தாரே. தெம்புராவில் இறாலும் காயும் கலந்து வாங்கலாம். 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கொண்டுபோன பொரிக்கும் முறையிலிருந்து வளர்ந்த இதில், மாவு மெல்லிய படலமாகத்தான் ஒட்டியிருக்கும். வந்த உடனே சாப்பிட வேண்டும். பேசிக்கொண்டே ஆறவிட்டால் நனைந்து துவண்டுவிடும். சாற்றுக்குப் பதில் உப்பு கேட்டுத் தொட்டுக்கொண்டால் காய் தெம்புராவில் தாஷிக் கவலையும் தீரும், மாவில் முட்டை சேர்ந்திருக்கிறதா, பொரித்த எண்ணெய் தனியா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ராமெனில் சாறே எல்லாம். ஷியோ உப்புச் சாறு, ஷோயு சோயா சாஸ் சாறு, மிசோ சாறு, டோன்கொட்சு பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்துப் பால் போல வெளுத்த சாறு. பன்றி வேண்டாதவர்கள் டோன்கொட்சுவைத் தவிர்ப்பதோடு, மற்றச் சாறுகளிலும் மேலே வைக்கும் இறைச்சியிலும் பன்றி உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். முதன்முறைக்கு ஷோயு அல்லது மிசோ நல்லது. டோன்கொட்சுவின் கொழுப்பு பழகாத வயிற்றுக்குக் கனம். நூடுல்ஸ் சாற்றில் ஊறி உப்புவதற்குள் உறிஞ்சிச் சாப்பிட்டுவிட வேண்டும், உறிஞ்சும் ஒலி எழுவதை அங்கே யாரும் தவறாக நினைப்பதில்லை.

இவ்வளவும் பழகிய பிறகு சுஷி. அதிலும் படிப்படியாகப் போங்கள். வெள்ளரிக்காய் மட்டும் வைத்த கப்பா மாக்கி, அவகாடோ உருளை இரண்டும் வினிகர் கலந்த சோற்றின் சுவையைத் தனியாகக் கற்றுத்தரும், சைவத்துக்கும் ஏற்றவை. அடுத்து இறால் தெம்புரா வைத்த உருளை. அதற்கும் பிறகு சால்மன் நிகிரி: கையால் பிடித்த சோற்றின் மேல் ஒரு மீன் துண்டு. சால்மன் கொழுப்பு நிறைந்த, மீன் வாடை குறைந்த மீன் என்பதால் பச்சை மீனுக்குப் புதியவர்கள் அதில் தொடங்குவது எளிது. ஜப்பானியர்களே சால்மனைச் சுஷிக்குப் பரவலாக எடுத்துக்கொண்டது 1980-களில் நார்வே நாட்டின் விடாமுயற்சிக்குப் பிறகுதான்.

கடலில்லாத தில்லியில் பச்சை மீனா என்ற அச்சம் எல்லோருக்கும் வரும். பச்சையாகப் பரிமாறும் மீனைப் பெரும்பாலும் முன்பே கடுமையாக உறையவைக்கிறார்கள். மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 7 நாள் வைத்தால் அதில் உள்ள ஒட்டுண்ணிகள் மடிந்துவிடும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டல். ஆகவே கடல் எவ்வளவு தொலைவு என்பதைவிட, உறைநிலை அறுபடாமல் மீன் வந்து சேர்கிறதா, கடையில் அது நாள்தோறும் விற்றுத் தீர்கிறதா என்பதையே பார்க்க வேண்டும். கூட்டமில்லாத கடையில், தள்ளுபடி விலையில் பச்சை மீன் வேண்டவே வேண்டாம். கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களும் எந்தக் கடையிலும் தவிர்ப்பதே சரி.

தட்டின் ஓரத்தில் பச்சை நிறத்தில் உருட்டிவைத்திருக்கும் வசாபியைத் துவையல் என்று நினைத்து அள்ளிவிடாதீர்கள். அதன் காரம் மிளகாயைப் போல நாக்கில் தங்காது, கடுகின் காரமாக நேரே மூக்குக்கு ஏறும். பெரும்பாலான கடைகளில் தருவது குதிரைமுள்ளங்கியும் கடுகும் கலந்து நிறமூட்டியதுதான். கடுகளவு போதும். இளஞ்சிவப்பு இஞ்சி ஊறுகாய் ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் வாயைச் சுத்தம் செய்வதற்கு. நிகிரியைத் திருப்பி, மீன் பக்கம் மட்டும் சோயா சாஸில் படுமாறு தொட வேண்டும். சோற்றுப் பக்கம் தொட்டால் உதிர்ந்து கிண்ணத்தில் விழும், உப்பும் கரிக்கும். குச்சி பிடிக்க வரவில்லை என்றால் சுஷியைக் கையால் எடுப்பது ஜப்பானிலேயே ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை.

உண்ணும் முறையில் இரண்டு நாடுகளும் மாறுபடும் இடங்கள் சிலவற்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். ஜப்பானில் கிண்ணத்தைக் கையில் தூக்கி, சூப்பை அப்படியே வாய் வைத்துக் குடிப்பார்கள். கொரியாவில் கிண்ணம் மேசையிலேயே இருக்கும், சோற்றை உலோகக் கரண்டியால் எடுப்பார்கள். இரண்டு நாட்டிலும் குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைப்பது ஆகாது, இறந்தவர்களுக்குப் படைக்கும் முறை அது.

குடிக்க, கொரியக் கடையில் வறுத்த பார்லி தேநீரும் ஜப்பானியக் கடையில் சர்க்கரை சேர்க்காத பச்சைத் தேநீரும் கேளுங்கள். குளிர்பானங்கள் இந்த உணவின் மென்மையான சுவைகளை மழுங்கடித்துவிடும். இனிப்புக்கு, பச்சைத் தேயிலைத் தூளில் செய்த மாட்சா ஐஸ்கிரீம் போதும்.

வீட்டுக்கு வரவழைத்துச் சாப்பிடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் அல்ல. ராமென் வழியிலேயே ஊதிக் கூழாகும், தெம்புரா நமுத்துப்போகும், கல்சட்டி பிபிம்பாப் பிளாஸ்டிக் டப்பாவில் வெறும் காய்ச்சோறாக வந்து சேரும், தில்லி வெயிலில் மீன் வைத்த சுஷியை இரு சக்கர வண்டியில் வரவழைப்பது எந்த விதத்திலும் தகாது. கிம்பாப், ஜப்சே, குழம்பைத் தனியாகக் கட்டித் தரும் காட்சு கறி, பொரித்த கோழி ஆகியவை பயணத்தைத் தாங்கும். கிம்பாப்பைக் குளிர்பெட்டியில் வைத்தால் சோறு விறைத்துவிடும் என்பதால் வாங்கிய வேளையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். தவறி மிஞ்சிவிட்டால், அடித்த முட்டையில் துண்டுகளைத் தோய்த்துத் தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் வாட்டி எடுங்கள். கொரிய வீடுகளிலும் மிஞ்சிய கிம்பாப்பை அப்படித்தான் தீர்க்கிறார்கள்.